மிதிவண்டிப் பயணமும் பிவ்வி பையும்: ஒரு வரலாறு

பிவ்வி பை என்பது திறந்தவெளியில் இரவு தங்குவோர் தம் உறக்கப் பைக்கு மேல் உறைபோல இட்டுக்கொள்ளும் நீர்புகாப் பையாகும். இதற்குக் கம்பு தேவையில்லை, முளையடிக்கவும் வேண்டியதில்லை. தரையில் விரித்து உள்ளே நுழைந்தால் படுக்கை தயார். சுருட்டினால் ஒரு தண்ணீர்க் குப்பியின் அளவுக்குள் அடங்கிவிடும் வகைகளும் உண்டு. குறைந்த சுமையோடு நெடுந்தொலைவு செல்லும் மிதிவண்டிப் பயணிகள் இதை விரும்புவதற்கு இதுவே காரணம்.

பார்வைக்கு எளிய இந்தப் பையின் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கால வரலாறு இருக்கிறது. மழையை உள்ளே விடக்கூடாது; உடலிலிருந்து வரும் ஈரத்தை வெளியே விடவேண்டும். ஒரே துணி இவ்விரண்டையும் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை கண்டது. எந்த விடையும் முழுமையானதாக இல்லை. அந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால், இன்று கடையில் கிடைக்கும் பைகளில் எதை வாங்குவது என்பதும் தெளிவாகும்.

பெயர்க் காரணம்

'பிவ்வி' என்பது 'பிவுவாக்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். அச்சொல் சுவிட்சர்லாந்துப் பகுதியில் வழங்கிய ஜெர்மன் பேச்சுமொழியிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. 'துணைக் காவல்' என்பது அதன் பொருள். வழக்கமான காவலோடு கூடுதலாக இரவில் விழித்திருந்த காவலர்களை அது குறித்தது. பின்னர்ப் படைவீரர்கள் கூடாரமின்றி வெட்டவெளியில் தங்குவதைக் குறிக்கத் தொடங்கியது. மலையேறுவோர் அதை எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து மிதிவண்டிப் பயணிகளுக்கு வந்து சேர்ந்தது.

ரப்பர் துணியும் முதல் பைகளும்

1823ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு இடையே ரப்பர்க் கரைசலைப் பூசி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மழை புகாத துணி தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கியது. வானத்திலிருந்து வரும் நீரை அது தடுத்தது. அதே வேளையில் உடலிலிருந்து வெளியேறும் நீராவியையும் தடுத்தது. நெகிழி மழைக்கோட்டு அணிந்து மிதிவண்டி மிதித்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. மழை நின்றாலும் சட்டை நனைந்தே இருக்கும்.

பிரான்சிஸ் கால்டன் பயணிகளுக்காக எழுதிய 'பயணக் கலை' என்னும் கையேடு 1855இல் முதலில் வெளிவந்து, பின்னர்ப் பல பதிப்புகளைக் கண்டது. பிரனீஸ் மலைக் கணவாய்களில் கடத்தல்காரர்களுக்காக இரவெல்லாம் காத்திருந்த பிரெஞ்சுச் சுங்கக் காவலர்கள் ஆட்டுத்தோல் பைகளைப் பயன்படுத்தியதை அது விவரிக்கிறது. 'துணைக் காவல்' என்ற பழைய பொருளுக்கு முற்றிலும் பொருந்திய எடுத்துக்காட்டு இது.

1861இல் ஆங்கிலேய மலையேறியான பிரான்சிஸ் ஃபாக்ஸ் டக்கெட் ஆல்ப்ஸ் மலையில் ஓர் உறக்கப் பையைச் சோதித்துப் பார்த்தார். கம்பளியால் ஆன அந்தப் பை, அடிப்பக்கத்தில் மட்டும் ரப்பர் துணி வைத்து மேம்படுத்தப்பட்டது. தரையின் ஈரத்தைக் கீழ்த்துணி தடுக்கும். உடலின் ஈரம் மேலே கம்பளி வழியாக வெளியேறும். அடி ஒரு துணி, மேல் வேறொரு துணி என்னும் அமைப்பு இன்றைய பல பிவ்வி பைகளிலும் தொடர்கிறது.

கழுதை சுமந்த பை

1878ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் தெற்குப் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் பன்னிரண்டு நாள் நடைப்பயணம் மேற்கொண்டார். தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அப்பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1879இல் வெளியானது.

கூடாரத்தை அவர் வேண்டாம் என்று ஒதுக்கினார். களைத்துப்போன நேரத்தில் அதைக் கட்டவும் காலையில் பிரிக்கவும் தொல்லை என்பது முதற்காரணம். இங்கே ஒருவன் தங்கியிருக்கிறான் என்று வழிப்போக்கர் அனைவருக்கும் அது அறிவித்துவிடும் என்பது இரண்டாவது. ஆகவே வெளிப்புறம் நீர்புகாத வண்டித் துணியும் உட்புறம் ஆட்டுரோமமும் கொண்ட ஒரு பெரிய பையைத் தைக்கச் செய்தார். பகலில் அது சாமான் மூட்டை, இரவில் படுக்கை. பெருமழை வந்தால் மழைக்கோட்டையும் சில கற்களையும் ஒரு வளைந்த கிளையையும் வைத்துத் தலைக்கு மேல் சிறு கூரை அமைத்துக்கொள்ளலாம் என்றும் திட்டமிட்டார். பிவ்வி பைக்கு மேல் சிறிய தார்ப்பாய் கட்டும் இன்றைய முறையும் இதுவேதான்.

ஆனால் அந்தப் பையை மனிதன் தோளில் சுமக்க இயலவில்லை. அதைச் சுமப்பதற்கென்றே அவர் ஒரு கழுதையை வாங்க நேர்ந்தது. பயண நூலில் அந்தக் கழுதை பெற்ற இடம் பெரிது. அதன் முரண்டுகளைப் படித்துச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்: கருத்து சரியாக இருந்தது, துணிதான் இன்னும் வரவில்லை.

மிதிவண்டி வந்த பிறகு

கழுதையின் இடத்தை மிதிவண்டி பிடித்தபோது சுமையின் கணக்கு மாறியது. பயணி தன் காலின் வலுவால்தான் ஒவ்வொரு மேட்டையும் ஏறவேண்டும். ஆகவே ஒவ்வொரு பொருளும் தன் எடைக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

இதன் எல்லையைத் தொட்டவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட வண்டியில் புறப்பட்டு, ஆகஸ்டில் பாஸ்டனை அடைந்தார். பின்னர் ஐரோப்பா, துருக்கி, பாரசீகம் வழியாகச் சென்றார். இந்தியாவிலும் லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருவழிச் சாலையில் மிதித்தார். 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் பயணத்தை முடித்தார். மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் இவரே. புறப்படும்போது அவர் கைப்பிடிப் பையில் இருந்தவை காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு கைத்துப்பாக்கி, ஒரு மழைக்கோட்டு. அந்த மழைக்கோட்டே கூடாரம், அதுவே படுக்கை.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' வண்டி வந்தது. இரு சக்கரங்களும் ஒரே அளவில் அமைந்து, பின்சக்கரத்தைச் சங்கிலி இயக்கியது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்த பிறகு, சாமான் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவது சாகசக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் போயிற்று.

இந்த வாய்ப்பை முறையான பொழுதுபோக்காக மாற்றியவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். லண்டனில் தையல் தொழில் செய்தவர். அத்தொழில் பற்றி நூல்களும் எழுதியவர். துணியின் எடையும் தையலின் வலுவும் அவருக்குக் கைவந்தவை. மிதிவண்டியில் கட்டிச் செல்லத்தக்க இலேசான கூடாரத்தைத் தாமே வடிவமைத்து, நண்பர்களுடன் அயர்லாந்தின் கானமாரா பகுதியில் பயணம் செய்தார். அந்த அனுபவம் 1898இல் நூலாக வந்தது. அதன் விளைவாக 1901இல் மிதிவண்டி முகாமாளர் சங்கம் தோன்றியது. இன்று பிரிட்டனில் பெரிய அமைப்பாக விளங்கும் முகாம் மற்றும் கேரவன் சங்கத்தின் வேர் இதுவே. 1908இல் அவர் எழுதிய முகாம் கையேடு இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

ஹோல்டிங் தேர்ந்தது பையை அன்று, கூடாரத்தை. அதற்கு அறிவியல் காரணம் இருந்தது. கூடாரத்தில் துணி உடலைத் தொடுவதில்லை. காற்று உலவ இடமுண்டு. பையிலோ துணி உடலின் மேலேயே கிடக்கிறது.

வியர்வை என்னும் எதிரி

ஓய்வாக இருக்கும் மனித உடலும் நம்மை அறியாமல் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 800 மில்லிலிட்டர் நீர் இவ்வாறு வெளியேறுகிறது. அதில் ஏறக்குறையப் பாதி தோல் வழியாகவும் மீதி மூச்சு வழியாகவும் போகிறது. எட்டு மணிநேர உறக்கத்துக்குக் கணக்கிட்டால் கால் லிட்டருக்குச் சற்று மிகும். இந்த நீராவி குளிர்ந்த துணியைத் தொட்டதும் நீர்த்துளியாகிறது. வெளியே ஒரு சொட்டு மழை இல்லாத இரவிலும் பை உள்ளிருந்து நனைவது இதனால்தான்.

இதன் கொடுமையை 1911ஆம் ஆண்டின் அண்டார்டிகா பயணம் காட்டுகிறது. கேப்டன் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் ஆகிய மூவர், பெங்குவின் முட்டைகளைத் தேடி அங்குள்ள குளிர்காலத்தின் இருளில் ஐந்து வாரம் பயணம் செய்தனர். வெப்பநிலை −60 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. அவர்களுடைய மான்தோல் உறக்கப் பைகளில் ஒவ்வோர் இரவும் வியர்வையும் மூச்சும் பனிக்கட்டியாக உறைந்தன. திரும்பி வந்தபோது அந்தப் பைகளின் எடை புறப்பட்டபோது இருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. கூடுதலாக இருந்த எடை முழுவதும் அவர்களுடைய சொந்த உடலிலிருந்து வந்த நீர்.

மிதிவண்டிப் பயணி அண்டார்டிகா போவதில்லை. ஆயினும் ஆபத்து ஒரே வகையானது. வாத்தின் மென்தூவி அடைத்த உறக்கப் பை ஈரமானால் தூவி கட்டிக்கொள்கிறது. வெப்பத்தைக் காக்கும் காற்றிடைவெளி மறைகிறது. நாளெல்லாம் மிதித்துக் களைத்த உடல் குளிரில் நடுங்கத் தொடங்கினால், உயிருக்கே ஊறு செய்யும் அளவுக்கு உடல் வெப்பம் குறைந்துவிடக்கூடும். உறைபனி இல்லாத ஐந்தாறு பாகை வெப்பநிலையில்கூட, ஈரமும் காற்றும் சேர்ந்தால் இது நேரலாம்.

மலையேறிகள் தந்த விடைகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பையை வளர்த்தவர்கள் மலையேறிகளே. ஆஸ்திரியப் பனிச்சறுக்கு முன்னோடி மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, அவசரத்தில் தலைவழியே இழுத்துப் போர்த்திக்கொள்ளும் இலேசான துணிப் பையை உருவாக்கினார். ஜெர்மன் பேசும் நாடுகளில் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. பிரெஞ்சு மலையேறி பியேர் அலேன் 1930களில் இடுப்புவரை மட்டும் வரும் தூவிப் பையை அறிமுகம் செய்தார். இடுப்புக்கு மேல் தூவிச் சட்டை இருப்பதால் முழுப் பை எதற்கு என்பது அவர் கணக்கு. அதன் வடிவத்தைக் கண்டு அதற்கு 'யானைக்கால்' என்று பெயரிட்டனர்.

இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரில் உள்ள ஷெர்லி ஆய்வு நிறுவனம் 'வென்டைல்' என்னும் பருத்தித் துணியை உருவாக்கியது. கடலில் விழும் விமானிகளின் உடைக்காக அது தேவைப்பட்டது. மிக நெருக்கமாக நெய்யப்பட்ட அதன் இழைகள் நனைந்ததும் உப்பி, இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். உலர்ந்த நிலையில் மூச்சுவிடும். நல்ல விடைதான், ஆனால் விலையும் எடையும் அதிகம்.

போருக்குப் பின் மலிவான பாலித்தீன் வந்தது. அடர்நிறப் பாலித்தீன் பை பிரிட்டனில் மலை நடப்போரின் அவசரப் பொருளாயிற்று. அது ரப்பர் துணியின் பழைய குறையை அப்படியே உடையது. ஓர் இரவு உயிரைக் காக்கும். பத்து இரவு உறங்க உதவாது.

ஒரு திடீர் இழுப்பு

பெரிய திருப்பம் 1969 அக்டோபரில் நேர்ந்தது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர், டெஃப்லான் எனப் பெயர்பெற்ற பி.டி.எஃப்.இ என்னும் பொருளைச் சூடாக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இழுத்தபோதெல்லாம் அது அறுந்தது. சலிப்போடு ஒருமுறை வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோகவேண்டிய தண்டு பல மடங்கு நீண்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த பொருளாயிற்று. அதிலிருந்து பிறந்த சவ்வே 'கோர்-டெக்ஸ்'.

அந்தத் துளைகள் ஒரு நீர்த்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை. ஆனால் தனித்தனி நீராவி மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியவை. ஆகவே மழைத்துளி நுழையாது, நீராவி வெளியேறும். 1976இல் இத்துணி வணிகத்துக்கு வந்தது. சியாட்டில் நகரின் 'எர்லி விண்டர்ஸ்' நிறுவனம் இதைக் கொண்டு கூடாரம் தயாரித்தது. முதல் தலைமுறைச் சவ்வில் உடலின் எண்ணெய்ப்பசை படிந்து கசிவு ஏற்பட்டது. பின்னர் மெல்லிய பாதுகாப்புப் படலம் சேர்த்து அக்குறை நீக்கப்பட்டது.

இங்கே விளம்பரங்கள் சொல்லாத ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். சவ்வு தானாக ஈரத்தை வெளியே தள்ளுவதில்லை. பையின் உட்புறத்தில் நீராவி அழுத்தம் மிகுதியாகவும் வெளிப்புறத்தில் குறைவாகவும் இருந்தால்தான் நீராவி நகரும். குளிர்ந்த, உலர்ந்த இரவில் இந்த வேறுபாடு பெரிது. பை நன்றாகச் செயல்படும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இரவில் வேறுபாடு சிறிது, பை புழுங்கும். வெளித்துணி மழையில் ஊறிவிட்டாலும் நீராவி வெளியேறுவது மந்தமாகிவிடும்.

படைமுகாமிலிருந்து பழைய பொருள் கடைக்கு

மூச்சுவிடும் பிவ்வி பையை இராணுவங்கள் பெருமளவில் ஏற்றுக்கொண்டன. பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் பச்சை நிறக் கோர்-டெக்ஸ் பை வழங்கப்பட்டது. அமெரிக்கப் படையின் பல அடுக்கு உறக்கத் தொகுதியிலும் வெளியுறையாக ஒரு பிவ்வி பை இடம்பெற்றது.

படையில் உபரியான பைகள் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன. புதிய பை வாங்க வசதியில்லாத மாணவர்களும் இளைஞர்களும் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் வண்டியில் கட்டிக்கொண்டனர். பிரிட்டிஷ் படைப் பையின் எடை ஏறத்தாழ 800 கிராம். இலேசான பையன்று, ஆனால் உறுதியும் அகலமும் உடையது. பிரிட்டனில் மிதிவண்டி முகாமாளர் பலருக்கு முதல் பிவ்வி பை இதுவே.

பந்தயமும் சட்டமும்

2008இல் தொடங்கிய 'டூர் டிவைட்' போட்டி, கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து அமெரிக்க-மெக்சிகோ எல்லை வரை ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடைபெறுகிறது. 2013இல் மைக் ஹால் தொடங்கிய 'டிரான்ஸ்காண்டினென்டல்' போட்டி ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கிறது. முதல் ஆண்டில் அது லண்டனிலிருந்து இஸ்தான்புல் வரை சென்றது. இரண்டிலும் துணை வண்டி கிடையாது. எங்கே உறங்குவது என்பதைப் போட்டியாளரே பார்த்துக்கொள்ள வேண்டும். சில மணிநேரமே உறங்குபவருக்குக் கூடாரம் கட்டும் நேரமும் இழப்புதான். வண்டிச் சட்டத்தோடு ஒட்டிக் கட்டும் சிறு பைகளில் நீண்ட கூடாரக் கம்புகளுக்கு இடமும் இல்லை. பிவ்வி பை இங்கே தனக்குரிய இடத்தைக் கண்டது.

தங்கும் உரிமையும் இதில் கலந்துள்ளது. பிரான்சின் சில தேசியப் பூங்காக்களில் பகலெல்லாம் முகாமிடத் தடை உண்டு. ஆனால் குறித்த இடங்களில் மாலை 7 மணி முதல் காலை 9 மணி வரை இரவுத் தங்கலுக்கு இசைவு உண்டு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு தங்கும் உரிமையை அளிக்கிறது. இங்கிலாந்தில் அத்தகைய பொது உரிமை இல்லை. டார்ட்மூர் பொதுநிலம் மட்டும் விதிவிலக்கு. அந்த உரிமை இல்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உரிமையை உறுதிசெய்தது. பை சிறியது, கண்ணில் படாதது என்பதால் சட்டம் மாறிவிடாது. போகும் நாட்டின் விதியை முன்கூட்டியே அறிந்துகொள்வது பயணியின் கடமை.

எதைத் தேர்ந்தெடுப்பது

மேற்கண்ட வரலாறு இன்றைய பைகளை நான்கு வகையாகக் காட்டுகிறது. எடைகள் தோராயமானவை.

1. அவசரப் பை: பாலித்தீன் அல்லது உலோகப் பூச்சுள்ள மென்தகடு. 100 முதல் 300 கிராம். விலை குறைவு. மூச்சுவிடாது. கூடுதல் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2. இலேசான உறை: மேல்துணி மூச்சுவிடும்; அடித்துணி நீர்புகாதது. 200 முதல் 400 கிராம். பனித்துளி, சாரல், காற்று ஆகியவற்றைத் தாங்கும். பெருமழைக்கு மேலே தார்ப்பாய் வேண்டும்.

3. முழுச் சவ்வுப் பை: 400 முதல் 900 கிராம். மழையிலும் தனியாகப் பயன்படும்.

4. வளைகம்புப் பை: முகத்துக்கு மேல் ஒரு சிறு வளைவுக் கம்பும் கொசுவலையும் கொண்டது. பெரும்பாலும் 700 கிராமுக்கு மேல். ஒரு கிலோவை நெருங்குவதும் உண்டு.

வாங்கும்முன் கேட்கவேண்டிய கேள்விகள் சில.

எங்கே, எப்போது? குளிர்ந்த உலர்ந்த மலைநாட்டுக்குச் சவ்வுப் பை ஏற்றது. நம் ஊர்போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களுக்குக் கொசுவலையும் தார்ப்பாயுமே மேல்.

மொத்த எடை என்ன? பை 300 கிராம், தார்ப்பாய் 400 கிராம், கயிறும் முளையும் 150 கிராம் என்றால் மொத்தம் 850 கிராம். இன்று ஒரு கிலோவுக்கும் குறைந்த ஒருவர் கூடாரங்கள் கிடைக்கின்றன. ஆகவே எடைக்காக மட்டும் பிவ்வி பையை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சலாம். சிறு இடத்தில் படுக்க முடிவதும், நொடியில் எழுந்து புறப்பட முடிவதும் அதன் உண்மையான பலன்கள்.

அளவு பொருந்துமா? உறக்கப் பையை உள்ளே வைத்துப் படுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் தூவி நசுங்கிக் குளிரும். காற்றடைத்த மெத்தையையும் உள்ளே வைக்க விரும்பினால் இன்னும் அகலமான பை தேவை. அவ்வாறு வைத்தால் மெத்தை முள்ளிலிருந்து தப்பும். இரவில் சறுக்கி விலகவும் விலகாது.

வாய்ப்பகுதி எப்படி? கயிற்றால் சுருக்கும் வாய் இலேசானது, பழுதாகாது. ஜிப் வசதியானது, ஆனால் எடை கூடும், மழையில் கசியும் இடமும் அதுவே. எவ்வகையானாலும் மூக்கும் வாயும் பைக்கு வெளியே இருக்கவேண்டும். ஈரத்தில் பாதி மூச்சிலிருந்து வருகிறது என்பதை மறக்கக்கூடாது. காற்றுப்புகாத பையை முகத்தின்மேல் முழுவதும் மூடிக்கொள்வது மூச்சுத்திணறலுக்கும் வழிவகுக்கும்.

காலையில் என்ன செய்வது? நீண்ட பயணத்தில் மிகவும் உதவும் பழக்கம் இது. பகல் உணவு நேரத்தில் பையை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி, வண்டியின் மேல் போட்டு உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டிய பை மறுநாள் இரவு இருமடங்கு தொல்லை தரும்.

அண்மை மாற்றங்கள்

சவ்வுத் தொழிலில் பயன்படும் ஃபுளோரின் சார்ந்த வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் அழியாமல் தங்குவது பற்றிய கவலை வளர்ந்துள்ளது. இதனால் கோர் நிறுவனம் பாலிஎதிலீன் அடிப்படையிலான புதிய சவ்வுக்கு மாறத் தொடங்கியது. அச்சவ்வு கொண்ட ஆடைகள் 2022 முதல் விற்பனைக்கு வந்தன. பிற நிறுவனங்களும் இத்தகைய மாற்றுப் பொருள்களை நாடிவருகின்றன. நூறாண்டுக்கு முன் துணி மூச்சுவிடுமா என்று மட்டும் கேட்டனர். இன்று அந்தத் துணி போன பிறகு மண் என்னாகும் என்றும் கேட்கிறார்கள்.

ஆட்டுத்தோலில் தொடங்கி ரப்பர், நெருக்கமாக நெய்த பருத்தி, பாலித்தீன், நுண்துளைச் சவ்வு எனப் பை பலமுறை மாறிவிட்டது. அதற்குள் படுப்பவர் மாறவில்லை. இரவுதோறும் கால் லிட்டர் நீரை அவர் வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கிறார். மழைக்கும் அந்தக் கால் லிட்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்குபவரே உலர்ந்த உடலோடு காலையில் எழுவார்.